மொழிப் பாடவேளையில் நாடகம்: முதன்முறை செய்யப்போகும் ஆசிரியருக்கு

ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் மொழிப்பாடம் நடத்துகிறீர்கள். பாடத்தோடு நாடகத்தைச் சேர்த்தால் பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள், எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். செய்து பார்க்க ஆசையும் இருக்கிறது. ஆனால் நாடகப் பயிற்சி எடுத்ததில்லை, வகுப்பில் இடம் குறைவு, பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி வேறு. நானும் இப்படித்தான் தொடங்கினேன். பயிலரங்குகளில் விளையாட்டுகளைச் சொல்லித்தருவார்கள். அவற்றை ஒரு பாடவேளைக்குள் எப்படி அடக்குவது, சத்தத்தை என்ன செய்வது, கடைசியில் நோட்டில் என்ன எழுதவைப்பது என்பதையெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே மேடை, ஒப்பனை, மனப்பாட வசனம் எதுவும் கிடையாது. பார்வையாளரே கிடையாது. வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரு கதைக்குள் போகிறார்கள். போனதும் எதையாவது சொல்லியே ஆகவேண்டிய கட்டம் ஒன்று வருகிறது. அந்தத் தேவை ஆறுவதற்குள் பேச்சையும் எழுத்தையும் கற்றுக்கொடுக்கிறோம். நாடகம் நடந்த அதே பாடவேளையில் பிள்ளையின் கையில் பென்சில் இருக்க வேண்டும்.

1. முதலில் மொழி இலக்கு, அப்புறம் நாடகம்

பாடக்குறிப்பின் தலைப்பில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இந்தப் பாடவேளை முடியும்போது பிள்ளை இதைச் செய்திருக்கும்." ‘படைப்பாற்றலை வளர்த்தல்’ என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. ‘மேற்கோள் குறியோடு ஐந்து வரி உரையாடல் எழுதும்’, ‘ஏன் என்று தொடங்கும் மூன்று கேள்விகள் கேட்கும்’ என்று எழுதினால் தெரிந்துவிடும்.

இலக்கு தெளிவானால் எந்த உத்தி என்பதும் கிட்டத்தட்ட முடிவாகிவிடும். வினைச்சொற்கள் வேண்டுமானால் ஊமை நடிப்பு. உரையாடல் எழுத வேண்டுமானால், கதையின் ஒரு நொடியைச் சிலையாக உறைந்து காட்டும் சிலைக்காட்சி. கதையை ஆழமாகப் புரிந்துகொள்ள, கேள்வி கேட்கப் பழக, பாத்திரமாக உட்காருபவரிடம் மற்றவர்கள் கேள்வி கேட்கும் கேள்வி நாற்காலி. காரணம் காட்டி வாதாட மனச்சாட்சிப் பாதை: முடிவெடுக்கத் தவிக்கும் பாத்திரம் இரண்டு வரிசைக்கு நடுவே நடக்கும், இருபுறமும் நிற்பவர்கள் ‘செய்’, ‘செய்யாதே’ என்று காரணம் சொல்வார்கள். சரளமான வாசிப்புக்கு, தாளைப் பார்த்துக் குரலால் மட்டும் நடிக்கும் வாசிப்பு அரங்கம். ஒரு பாடவேளைக்கு ஒன்றோ இரண்டோ போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்க்க நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஒரு பக்கப் பாடக்குறிப்பு: மொழி இலக்கு, கதையில் நிறுத்தப்போகும் இடம், உத்தி, எழுத்துப் பணி, நேரப் பங்கீடு. இதை வைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "பாடம் எப்போது முடியும்?" என்று கேட்பார். பாடநூலில் ஏற்கெனவே உள்ள கதையையே எடுத்துக்கொண்டால் அந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் தேவையில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் நாளையும் நேரத்தையும் சொல்லிவையுங்கள். அவர்கள் வகுப்பில் அன்று தேர்வு இருந்தால் நீங்கள் நாளை மாற்றிக்கொள்ளலாம்.

பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல்: படமோ காணொளியோ எடுப்பதாக இருந்தால் மட்டும். எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எங்கே வைத்திருப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தாள் கையெழுத்தாகித் திரும்பி வர நாளாகும் என்பதால் முன்னதாகவே அனுப்புங்கள். ஒப்புதல் வராத ஒரு பிள்ளை இருந்தாலும் அன்று கேமராவை எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையை மட்டும் ஓரமாக உட்காரவைப்பது நியாயமே இல்லை.

கதையின் உரிமை: வகுப்புக்குள் வாசிப்பதையும், பொதுமேடையில் நடித்துக் காட்டுவதையும், பதிவுசெய்து வெளியிடுவதையும் பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டம் வெவ்வேறாகப் பார்க்கிறது. வழிவழியாக வரும் நாட்டார் கதைகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே கதையை ஓர் எழுத்தாளர் தன் நடையில் எழுதியிருந்தால் அந்த எழுத்து அவருடையது. கதையை நீங்களே உங்கள் வார்த்தைகளில் எழுதிக்கொள்வது நல்லது.

3. செலவு

ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு நீளத் துணி, ஒரு நாற்காலி, கரும்பலகை, நிறுத்தச் சைகைக்கு ஒரு சிறிய மணி அல்லது தட்டுவதற்கு ஏதாவது. துணி ஆறாகும், போர்வையாகும், குகையின் வாயாகும். வாசிப்பு அரங்கத்துக்கு நகலெடுக்கும் செலவு மட்டும் வரும். அதையும் குழுவுக்கு ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம்.

உடையும் முகமூடியும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பெற்றோருக்குச் செலவு, உங்களுக்கு நேர விரயம். கொண்டுவர முடியாத பிள்ளைக்கு அவமானம். முகமூடி போட்ட பிள்ளையின் பேச்சும் சரியாகக் கேட்காது.

4. கதையைத் தேர்ந்தெடுப்பது

நல்ல கதை, நாடகத்துக்கு ஏற்ற கதை இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்று விஷயங்களைப் பாருங்கள். கதையில் ஒரு கூட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு பேர் நடிக்க மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். யாராவது ஒருவர் முடிவெடுக்கத் தவிக்கும் இடம் இருக்க வேண்டும். கதை சொல்லாமல் விட்ட இடைவெளி ஒன்றும் இருக்க வேண்டும்.

சிங்கத்தைக் கிணற்றில் விழவைத்த முயலின் கதை எல்லோருக்கும் தெரியும். நாளுக்கு ஒரு விலங்கு இரையாகப் போவதாகக் காட்டு விலங்குகள் சிங்கத்திடம் ஒப்புக்கொள்கின்றன. முயலின் முறை வருகிறது. அது வேண்டுமென்றே தாமதமாகப் போய், வழியில் வேறொரு சிங்கம் மறித்தது என்று சொல்லிக் கிணற்றைக் காட்டுகிறது. தன் நிழலையே எதிரி என்று நினைத்துச் சிங்கம் பாய்கிறது. சரி, அந்த விலங்குகள் கூடிப் பேசிய கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள்? ‘முதலில் நான் போகிறேன்’ என்று யாராவது சொன்னார்களா? கதையில் அது கிடையாது. உங்கள் பாடவேளை முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கப்போகிறது.

பாத்திரம் பிரிக்கும்போது ஒரு கவனம். பருமனான பிள்ளைக்கு யானை, நிறம் குறைந்த பிள்ளைக்கு அரக்கன், வகுப்பில் குறும்பு செய்கிற பிள்ளைக்குத் திருடன் என்று ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாடவேளை முடிந்த பிறகும் அந்தப் பெயர் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு வரும். முதல் சில முறை எல்லோருமே முயல், எல்லோருமே காட்டு விலங்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. நேரப் பங்கீடு

நாற்பது நிமிடப் பாடவேளைக்கு எனக்குச் சரியாக வருவது இது: சைகையும் உடல் தளர்த்தலும் 4 நிமிடம், கதை வாசிப்பு 6, நாடகம் 14, எழுத்து 13, ஓரிருவர் வாசித்துக் காட்டுவதும் அடங்குவதும் 3. பெஞ்சுகளை நகர்த்த நினைத்தால் 5 நிமிடம் அதிலேயே போய்விடும். நகர்த்த வேண்டாம்; அவரவர் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று நடிக்கட்டும்.

நாடகம் சூடுபிடித்ததும் எழுத்துக்கான நேரத்தை விழுங்கப் பார்க்கும். பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம்!" என்பார்கள், உங்களுக்கும் நிறுத்த மனம் வராது. நிறுத்திவிடுங்கள். உச்சத்தில் நிறுத்தினால்தான் சொல்ல வந்ததை எழுத்தில் சொல்லத் துடிப்பார்கள். ஓய்ந்த பிறகு நிறுத்தினால் எழுத ஒன்றும் மிச்சமிருக்காது. கடிகாரத்தைப் பார்க்கும் வேலையை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்.

6. கதைக்கு முன் சைகை

எந்தக் கதையையும் தொடங்குமுன் நிறுத்தச் சைகையைத் தனியாகப் பழக்குங்கள். மணி அடித்ததும் எப்படி இருக்கிறார்களோ அப்படியே சிலையாக வேண்டும். வாயும் சேர்ந்து நிற்க வேண்டும். இது கைவராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். முதல் பாடவேளை முழுக்க இதற்கே போனாலும் பரவாயில்லை.

இன்னும் இரண்டு விதிகள். சண்டை, துரத்தல் எல்லாம் மெதுவான அசைவில், ஒருவரையொருவர் தொடாமல் நடக்கும். விருப்பமில்லாத பிள்ளை ‘அடுத்து’ என்று சொல்லி ஒதுங்கலாம். அதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

அமைதி வேண்டும்போது "சத்தம் போடாதே" என்று ஆசிரியராகக் கத்துவதைவிட, "சிங்கம் தூங்குகிறது, அது விழித்துக்கொள்ளாமல் கூடிப் பேச வேண்டும்" என்று கதைக்குள்ளிருந்தே காரணம் கொடுத்துப் பாருங்கள். வகுப்பே கிசுகிசுக்கத் தொடங்கிவிடும்.

7. நாடகப் பகுதி, கட்டம் கட்டமாக

முயல் கதையை வைத்தே சொல்கிறேன். விலங்குகள் கூடும் இடம்வரை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள்.

முதலில் அசைவு. "கூட்டத்துக்கு வாருங்கள்" என்று சொல்லி, பதுங்கி, ஊர்ந்து, தாவி, தத்தி, நொண்டி வரச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே செய்யலாம். ஒவ்வொரு சொல்லையும் சொல்லும்போது கரும்பலகையில் எழுதிவிடுங்கள். ஊர்வதற்கும் தவழ்வதற்கும் என்ன வேறுபாடு என்று பிள்ளைகளே உடம்பால் காட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகு பொருள் எழுதிப்போட வேண்டியதே இல்லை.

அடுத்து சிலைக்காட்சி. நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள். ‘சிங்கத்திடமிருந்து செய்தி வந்த நொடி’யைச் சிலையாகக் காட்ட வேண்டும். முடிவுசெய்ய ஒரு நிமிடம் போதும். அதிகம் கொடுத்தால் யார் எங்கே நிற்பது என்று சண்டைதான் வரும். மணி அடித்ததும் எல்லோரும் உறைவார்கள். நீங்கள் நடந்துபோய் ஒருவர் தோளைத் தொட்டதும், அந்த விலங்கு மனத்துக்குள் நினைப்பதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். "எங்க அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்று மெல்லிய குரலில் வரும். "பெரிய விலங்கு முதல்ல போகட்டும்" என்று வரும். கேட்டதும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து நேரத்துக்கு இவைதான் மூலதனம்.

மூன்றாவது, நீங்களே கதைக்குள் நுழைவது. ஆசிரியர் பாத்திரமேற்கும் இந்த உத்தியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட். கேட்கத் தயக்கமாக இருக்கும்; ஆனால் நடிப்புத் திறமை எதுவும் தேவையில்லை. தோளில் துணியைப் போட்டால் பாத்திரம், எடுத்தால் ஆசிரியர், அவ்வளவுதான். அதிகாரமுள்ள பாத்திரத்தை எடுக்காதீர்கள். நீங்கள் சிங்கமானால் வகுப்பறையில் ஏற்கெனவே இருக்கும் அதிகாரம்தான் இரட்டிப்பாகும், பிள்ளைகள் பேசமாட்டார்கள். ஒன்றும் தெரியாத பாத்திரமாக வாருங்கள். நான் வயதான ஆமையாக வருவேன்: "மெதுவா நடந்து வந்ததுல கூட்டமே முடிஞ்சுபோச்சு போல. என்னப்பா பேசினீங்க? எனக்கு ஒண்ணும் புரியலையே." இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டிய தேவை பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. பாதியில் விட்டால் "அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?" என்று ஆமை கேட்கும். கதையைத் திரும்பச் சொல்லும் பயிற்சி இதைவிட இயல்பாக அமைவதை நான் பார்த்ததில்லை.

நேரமிருந்தால் கேள்வி நாற்காலி. முயல் வந்து உட்காரும், மற்றவர்கள் கேட்பார்கள். முதல் தடவை கேள்விகள் "உன் பேர் என்ன? உனக்குக் கேரட் பிடிக்குமா?" என்றுதான் வரும். கவலைப்படாதீர்கள். ஏன், எப்படி, எதற்காக, ‘அப்படி நடக்காமல் போயிருந்தால்’ என்று பலகையில் எழுதி, இவற்றில் ஒன்றால் தொடங்கும் கேள்வி மட்டும்தான் முயலின் காதில் விழும் என்று சொல்லிவிடுங்கள். "உனக்குப் பதிலா வேற யாராவது போயிருந்தா என்ன செஞ்சிருப்பாங்க?" என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கும். நாற்காலியில் ஒரே பிள்ளையை உட்காரவைக்க வேண்டாம். இருவர் சேர்ந்து ஒரே முயலாகப் பேசட்டும். ஒருவர் திகைத்தால் மற்றவர் சொல்வார்.

நடிக்கும்போது பிள்ளைகள் வீட்டில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள். திருத்தாதீர்கள். "சரியாகச் சொல்லு, ‘போயிருக்கிறேன்’ என்று சொல்லு" என்று ஒரு முறை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை அன்று வாய் திறக்காது.

8. பேச்சிலிருந்து எழுத்துக்கு

துணியை மடித்து வைத்த மறு நிமிடமே நோட்டைத் திறக்க வேண்டும். ஆனால் ‘இன்று நடித்த நாடகத்தைப் பற்றி எழுதுக’ என்று கொடுத்துவிடாதீர்கள். பாத்திரத்துக்குள் இருந்தபடியே எழுத ஒரு பணி வேண்டும். முதல் இரண்டு வகுப்புகளுக்கு, தான் நின்ற சிலையை வரைந்து பேச்சுக்குமிழியில் ஒரு வரி. மூன்றாம் வகுப்புக்கு, இரண்டு விலங்குகளின் உரையாடல். நான்கு, ஐந்துக்கு, காட்டு விலங்குகள் சிங்கத்துக்கு எழுதும் விண்ணப்பக் கடிதம்.

கடிதம் எப்படி உருவாகும் என்று கொஞ்சம் காட்டுகிறேன். சிலைக்காட்சியில் ஒரு பிள்ளை சொன்னது: "நாங்க ரொம்ப பயந்து போயிருக்கோம் ராஜா." அதைப் பலகையில் அப்படியே எழுதுங்கள். "இதைக் கடிதத்தில் எழுதி அனுப்பப்போகிறோம். அரசருக்கு எழுதும்போது எப்படி எழுதுவது?" என்று கேளுங்கள். ‘நீ’ போடலாமா, ‘நீங்கள்’ போடலாமா, ‘தாங்கள்’ போடலாமா என்று விவாதம் கிளம்பும். ஒருவர் ‘ரொம்ப’வை ‘மிகவும்’ ஆக்குவார், இன்னொருவர் ‘பயந்து’க்குப் பதில் ‘அஞ்சி’ என்பார். கடைசியில் பலகையில் ‘அரசே, நாங்கள் மிகவும் அஞ்சிப்போயிருக்கிறோம். தாங்கள் மனமிரங்க வேண்டும்’ என்று நிற்கும். பேச்சுத்தமிழ் தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள்.

உரையாடல் எழுதும் நாளில் இதே வேறுபாட்டை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். மேற்கோள் குறிக்குள் முயல் பேசியபடியே இருக்கலாம்: "நான் வரமாட்டேன் போ!" குறிக்கு வெளியே எழுத்துத்தமிழ்: என்று முயல் தலையை ஆட்டியது. ஐந்தாம் வகுப்பில் இதையே அயற்கூற்றாக மாற்றச் சொல்லுங்கள். ‘நான்’ எங்கே ‘தான்’ ஆகிறது என்பது, தானே பேசிய வரி என்பதால், சட்டென்று பிடிபடும்.

எழுத்துப்பிழையை அந்த 13 நிமிடத்தில் தேடாதீர்கள். ஒற்றுப்பிழை, லகர ளகர ழகரக் குழப்பம் எல்லாம் அடுத்த நாள், கடிதத்தை ‘அரசருக்கு அனுப்பத் தகுந்த’ படியாகப் பார்த்து எழுதும்போது திருத்தலாம். அப்போது திருத்துவதற்கு அவர்களுக்கே ஒரு காரணம் இருக்கும்.

9. வாசிப்பு அரங்கம்: தனியாக ஒரு வாரம்

வாசிப்பு திக்கித்திக்கி வருகிற வகுப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கதையைக் கதைசொல்லிகள், பாத்திரங்கள் எனப் பிரித்து எழுதிக்கொடுங்கள். தாள் கையில் இருக்கும், மனப்பாடம் கூடாது, குரலால் மட்டும் நடிக்க வேண்டும். திங்களன்று நீங்கள் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். செவ்வாய், புதன் குழுவில் மாற்றி மாற்றி வாசிப்பு. நிறுத்த வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு, அழுத்த வேண்டிய சொல்லின் கீழ் அடிக்கோடு. வியாழன் அவரவர் பகுதி உறுதியாகும். வெள்ளி இன்னொரு குழுவுக்கு வாசித்துக் காட்டலாம். ஒரே பகுதியை வாரம் முழுக்கச் சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள் என்பதுதான் இதன் பலம்.

நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு நீளமான பகுதி, தடுமாறும் பிள்ளைக்கு ஒரே ஒரு சொல் என்று பிரித்தால் பலன் தலைகீழாகிவிடும். தடுமாறும் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வரும் வரியையோ, நான்கு பேர் சேர்ந்து சொல்லும் வரியையோ கொடுங்கள். பக்கத்துக் குரல்கள் தாங்கிப்பிடிக்கும்.

10. பேசாத பிள்ளை

கதவாக, கிணறாக, காற்றின் ஓசையாக இருப்பதும் பாத்திரம்தான். சிங்கத்தின் செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கும் தூதர் பேச வேண்டியதே இல்லை, தாளை நீட்டினால் போதும். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை அந்த மொழியிலேயே பேசட்டும். நண்பர் ஒருவர் தமிழில் சொல்லட்டும். ‘வகுப்புக்கு முன்னால் வா’ என்று மட்டும் அழைக்காதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நடிக்கும்போது கூட்டத்தின் மறைவில் அந்தப் பிள்ளை முதல் வரியைச் சொல்லிவிடும். நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

11. மதிப்பீடும் பதிவும்

நடிப்புக்கு மதிப்பெண் போட வேண்டாம். ஒரு பாடவேளைக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள்: என்ன பேசினார், எந்தப் புதிய சொல்லைப் பயன்படுத்தினார், பிறர் சொன்னதைக் கேட்டுப் பதில் சொன்னாரா. மூன்று கட்டம் போட்ட ஒரு தாள் போதும். இப்படிச் சுற்றுமுறையில் போனால் சில வாரங்களில் வகுப்பு முழுவதும் வந்துவிடும்.

நாடகம் தொடங்குமுன் ஒரு நாள், ஏதாவது ஒரு கதைக்கு இரண்டு பேர் உரையாடல் எழுதச் சொல்லி அந்தத் தாள்களைத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். பருவ முடிவில் எழுதியதையும் பக்கத்தில் வையுங்கள். "விளையாட்டாகத்தானே போகிறது?" என்று கேட்கும் பெற்றோர் முன் இந்த இரண்டு தாள்களையும் திறந்து வைத்தால் போதும்.

12. முதல் மாதம்

முதல் வாரம் நிறுத்தச் சைகையும் வினைச்சொல் அசைவும் மட்டும், பாடவேளையில் பத்து நிமிடம். இரண்டாம் வாரம் சிலைக்காட்சியும் பேச்சுக்குமிழியும். மூன்றாம் வாரம் துணியைத் தோளில் போட்டுப் பாருங்கள். நான்காம் வாரம் கேள்வி நாற்காலி, முழு எழுத்துப் பணி. வாரம் ஒரு முறை போதும். மற்ற நாள்கள் வழக்கமான பாடம் நடக்கட்டும். முதல் பாடக்குறிப்பைத் தயாரிக்க ஒரு மாலைப் பொழுது பிடிக்கும். அதே வடிவத்தில் கதையை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம் என்பதால் பிறகு நேரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இது நன்றாக நடக்கத் தொடங்கியதும் யாராவது "அப்படியே ஆண்டு விழாவில் போட்டுவிடலாமே" என்பார்கள். ஒப்புக்கொண்டால் அடுத்த சில வாரங்கள் ஒத்திகைக்கே போகும். வசனம் நன்றாகச் சொல்லும் ஆறு பேர் முன்னால் நிற்க, மற்றவர்கள் மரமாக நிற்பார்கள். தவிர்க்கவே முடியாதென்றால் வாசிப்பு அரங்கத்தைக் கொடுங்கள்: தாள் கையில், வகுப்பு முழுவதும் மேடையில், ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு வரி. அதற்கு வழக்கமான ஒரு வாரத்துக்கு மேல் இரண்டே இரண்டு கூடுதல் பாடவேளைகள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.